உள்ளங்கை நிறம்

தனப்பிரியாவின் முகத்துக்கு விலை இருநூறு ரூபாய். அவள் அம்மா கமலவேணி நூற்றைம்பதுக்குக் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, ஒரு மூஞ்சியை வெளுக்க இருநூறா?"

"நீங்க கேக்கற வெளுப்புக்கு அதுவே கட்டாதுங்க அக்கா," என்றேன். சூரமங்கலத்தில் ஃபிளெக்ஸ் கடை போட்ட பதினோரு வருடத்தில் நான் வெளுத்த முகங்களை நம்பினால், சேலத்தில் கருத்த மணப்பெண்ணே கிடையாது.

மாப்பிள்ளை வீடு நாமக்கல். மேடை, பத்திரிகை, தோரணம் எல்லாமே பேபி பிங்க்கில் இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மண்டப வாசல் பேனர் மட்டும் பெண் வீட்டுப் பொறுப்பு. அந்த நிறம் ஒரு சூதுக்காரன். திரையில் ரோஜா, அச்சில் ஜவ்வுமிட்டாய். மஞ்சள் ஒரு சொட்டுக் கூடினால் கோழிக்கறி, நீலம் கூடினால் ஆஸ்பத்திரிச் சுவர். நான் காட்டிய ஏழு வகையையும் கமலவேணி சொத்தைக் கத்தரிக்காய் ஒதுக்குவது போல் ஒதுக்கினார்.

அதுவரை வாய் திறக்காத தனப்பிரியா எழுந்து வந்து, கையை மலர்த்தி என் மேசைமேல் வைத்தாள்.

"இதுல இருந்து எடுங்ணா."

கருத்த விரல்கள். உள்ளங்கையில், ரேகைகளுக்கு நடுவே, நான் தேடிய நிறம் இருந்தது. செல்போனில் படமெடுத்துக் கணினியில் ஏற்றி, ரேகை படாத இடமாகப் பார்த்துத் தொட்டேன். அந்த நிறம் பேனரின் பின்னணி முழுக்கப் பரவியது. அதன்மேல் அவளுடைய வெளுக்காத படத்தை வைத்தேன். வெளிர் இளஞ்சிவப்புக்குப் பக்கத்தில் கருப்பு வந்தால்தான் உயிர். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றுதான் நானே பார்த்தேன்.

"இப்படியே உட்டுருங்ணா. வெளுத்து வெச்சா, மண்டபத்துக்குள்ள நிக்கற பொண்ணு யாருன்னு கேப்பாங்க."

கமலவேணி வெகுநேரம் திரையைப் பார்த்தார். கண் கலங்கியது. இருநூறு போச்சு என்று நினைத்தேன். சந்தோஷமாகத்தான் நினைத்தேன்.

"நல்ல கலரு சாமி," என்றார் மகளிடம். பிறகு என்னிடம்: "தம்பி, இதையே மூஞ்சிக்கும் போட்டுருங்க."

"மாப்பிள்ளையும் கருப்புதானம்மா? அவரு படத்துக்கும் போடச் சொல்லு," என்றாள் மகள்.

"ஆம்பளைக்கு எதுக்கு? தண்டச் செலவு. அவங்க ஊட்டுச் சனம் வாசல்லயே பேச ஆரம்பிச்சுருமே சாமி. ஆயுசுக்கும் நீதான கேக்கோணும்?"

தனப்பிரியா கையை எடுத்து மடித்துக்கொண்டாள்.

போட்டேன். நெற்றி, கன்னம், கழுத்து. முகம் பின்னணியோடு கரைந்து, இரண்டு கண்ணும் பொட்டும் மூக்குத்தியும் மட்டும் அந்தரத்தில் நின்றன. கமலவேணிக்குத் திருப்தி.

பில் எழுதினேன். பேனர், பன்னிரண்டுக்கு எட்டு அடி: ஆயிரத்து நானூற்று நாற்பது. முகம்: இருநூறு, இந்த முறை அவர் குறைக்கச் சொல்லவில்லை. நிறம், பார்ட்டி கொண்டுவந்தது: விலை இல்லை. மொத்தம் ஆயிரத்து அறுநூற்று நாற்பது. எண்ணி வைத்தார். பாக்கி எதுவுமில்லை.