முன்வரிசை மூட்டைகள்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு தொழில். ஒன்று மக்காச்சோளம் ஏற்றுமதி. இன்னொன்று தானியத் தரத் துறையைத் திட்டுவது. முதல் தொழிலில் லாப நஷ்டம் உண்டு. இரண்டாவதில் அவர் ஒருநாளும் நஷ்டப்பட்டதில்லை.

திட்டில் பெரும்பங்கு ஆய்வாளருக்குப் போகும். லோடு கிளம்பும் முன் அந்த மனிதர் கிடங்குக்கு வந்து, நீளமான குத்தூசியை மூட்டைக்குள் செருகி, உருண்டு வரும் சோளத்தை உள்ளங்கையில் வாங்கி, வண்டு இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் சான்றிதழ். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே குத்தூசிதான்.

"நம்ம மேல நம்பிக்கையே கிடையாதும்மா இவங்களுக்கு. வியாபாரின்னாலே திருடன்னு முடிவு கட்டிட்டாங்க" என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் பொருமுவார். நானும் "ஆமாங்க" என்பேன். சோறு ஆறிவிடக் கூடாதே.

ஒரு விஷயம் மட்டும் சாப்பாட்டு நேரத்தில் பேசப்படாது. குத்தூசி எப்போதும் கதவோரத்து முன்வரிசையில்தான் குத்துவார். மூட்டை மேல் ஏறிப் பின்னால் போக அவர் முழங்கால் இடம் கொடுக்காது. அதனால் முன்வரிசைக்கு மட்டும் எங்கள் மேஸ்திரி தனிக் கவனிப்பு காட்டுவார். காயவைத்து, சலித்து, விருந்தாளி வரும் வீட்டு சோபா மாதிரி துடைத்து நிறுத்துவார். பின்வரிசை மோசம் என்று நான் சொல்லமாட்டேன். அதை யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அப்போதுதான் அந்த உத்தரவு வந்தது. ஏற்றுமதியாளர்களின் சுமையைக் குறைக்கிறார்களாம். நல்ல பெயர் உள்ளவர்களுக்கு இனி ஆய்வாளர் வரமாட்டார். உரிமம் வைத்திருப்பவரே சோதித்து, "நானே பார்த்தேன், உயிருள்ள பூச்சி இல்லை" என்று கையெழுத்துப் போட்டால் போதும். பொய்யென்று அக்கரையில் தெரிந்தால் லோடு திரும்பி வரும், உரிமமும் போகும்.

இவருக்குத் தலைகால் புரியவில்லை. கிடங்கில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். "ஒழிஞ்சான்யா குத்தூசி!" என்று மேஸ்திரியைக் கட்டிப்பிடித்தார். மேஸ்திரி டீயைத் தன் சட்டையிலேயே கொட்டிக்கொண்டார்.

அடுத்த லோடு ஒரு புது வாங்குபவருக்கு. லாரிகள் வாசலில் நின்றன. சாயங்காலத்துக்குள் துறைமுகம் சேராவிட்டால் கப்பல் போய்விடும். இவர் ஜம்மென்று பேனாவைத் திறந்தார். "நானே பார்த்தேன்" என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றது.

"என்னங்க?"

"நான் பார்க்கலையேம்மா."

பார்க்கலாம் என்று கிடங்கில் கிடந்த ஒரு குத்தூசியை எடுத்துக்கொண்டு போனவர், முன்வரிசைக்கு நேராக நின்று கையை ஓங்கி, அப்படியே இறக்கிவிட்டார். அந்த வரிசையில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாதா?

"பின்னாடி போய்க் குத்துங்க" என்றேன். அந்த உரிமத்தில்தான் எங்கள் சாப்பாடே இருக்கிறது.

மூட்டை மேல் ஏறினார். குத்தினார். பார்த்தார். மறுபடி குத்தினார். ஆய்வாளர் ஒரு சிட்டிகை எடுத்த இடத்தில் இவர் ஒரு முறம் எடுத்தார். வெளியே லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

வண்டு எதுவும் அகப்படவில்லை. ஆனாலும் மனசு ஒப்பாமல், வேர்த்து விறுவிறுத்து இறங்கி வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இப்படி நம்பிட்டாங்களே பாவிங்க. நான் என்ன பண்ணுவேன்?"

கல்யாணமான நாளிலிருந்து அவரை அவ்வளவு பரிதாபமாக நான் பார்த்ததில்லை. அவரே போனை எடுத்தார். அப்போதுதான் குத்தூசியை முதல்முறையாக "சார்" என்று கூப்பிட்டார்.

"நான் வந்து சோதிக்கக் கூடாதுங்க, விதி மாறிடுச்சு" என்றது போன்.

"சோதிக்க வேணாம் சார். டீ குடிக்க வாங்க."

வந்தார். டீயை ஒரு கையில் வைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் மறுகையால் குத்தூசியை எடுத்து முன்வரிசை மூட்டையில் செருகினார்.

"அங்க ஏன் சார் குத்தறீங்க?" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். "முன்வரிசையில எவனாவது வண்டை வெப்பானா? இதுகூடத் தெரியாம என்ன வேலை பார்த்தீங்க இத்தனை வருஷமா?"

மேஸ்திரி கூரையைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

குத்தூசி நிதானமாக டீயை உறிஞ்சினார். "எனக்குத் தெரியும் சார். முன்வரிசையைக்கூட ஒழுங்கா வெக்காத ஆளுங்க நிறைய இருக்காங்க. அவங்களைப் பிடிக்கவே எனக்கு நேரம் பத்தல." பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "ஈரம் இருக்கிற இடத்துலதான் வண்டு சேரும். இங்க ஈரச் சுவர் எது?"

இவர் பாய்ந்து போனார். பின்சுவரை ஒட்டி அடுக்கியிருந்த மூட்டையில் குத்தியதும், உள்ளங்கையில் சோளத்தோடு ஒரு வண்டு இறங்கி, சாவகாசமாக நடந்தது. கொஞ்சம் பொறுத்து அதன் உறவினர்களும் வந்தார்கள்.

சுவரோர மூட்டைகள் மொத்தமும் வெளியே இழுக்கப்பட்டன. அதற்கு அடுத்த அடுக்கிலும் குத்தினார், சுத்தமாக இருந்தது. வாங்குபவரிடம் லோடு குறையும் என்று போனில் சொன்னார். அவர் முணுமுணுத்தார், ஆனால் சம்மதித்தார். இவர் கையெழுத்துப் போட்டார். அவ்வளவு அழகான கையெழுத்தை எங்கள் கல்யாணப் பதிவிலும் போடவில்லை. லாரிகள் கிளம்பின. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அடுத்த லோடுல எல்லா மூட்டையும் முன்வரிசை மாதிரி இருக்கணும்" என்றார் மேஸ்திரியிடம்.

"சுமையைக் குறைச்சிருக்காங்கன்னு டீ வாங்கிக் குடுத்தீங்களே முதலாளி" என்றார் மேஸ்திரி, கறை படிந்த சட்டையைத் தடவிக்கொண்டு.

மறுநாள் காலை கிடங்கின் பின்பக்கத்திலிருந்து வழக்கமான திட்டுச் சத்தம் கேட்டது. துறையைத்தான் திட்டுகிறாராக்கும் என்று எட்டிப் பார்த்தேன். ஈரச் சுவருக்கு முன்னால் குத்தூசியும் கையுமாகத் தனியாக நின்று, தன்னையே திட்டிக்கொண்டிருந்தார்.