வெள்ளிக்கிழமைக் காய்ச்சல்

என் வாயை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தம்பியின் மனைவி கனகேஸ்வரி மூன்று வயதுப் பிள்ளையோடு வவுனியாவிலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்கு, என் பிளாட்டுக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றே பிள்ளைக்குக் காய்ச்சல். பனடோல் போதும் என்றவளும் நான்தான். யுத்த காலம்; வடக்கிலிருந்து வருகிறவர்களை உடனே பொலிசில் பதிய வேண்டும். பிந்தினால் வீட்டுக்காரரையும் உள்ளே போடுவார்கள். நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்து வெள்ளிக்கிழமைதான் போனேன். "இன்றைக்குத்தான் வந்தார்கள்" என்று கூசாமல் பதிந்தேன்.

அடுத்த ஞாயிறு பிள்ளையின் கண் சிவந்து உதடு வெடித்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டொக்டர் சிங்களவர். கனகேஸ்வரிக்குச் சிங்களம் தெரியாது. காய்ச்சல் எப்போது தொடங்கியது என்று அவர் கேட்டதை நான் தமிழில் கேட்டேன்.

"போன ஞாயிறு மச்சாள், வந்த அண்டைக்கே."

வார்ட் வாசலில் ஒரு பொலிஸ்காரன் நின்றான். பதிவில் எழுதிய நாளையே பிடித்துக்கொண்டு நான் சிங்களத்தில் "வெள்ளிக்கிழமை" என்றேன்.

டொக்டர் பொறுமையாக விளக்கினார். இப்படிக் காய்ச்சல் வரும் சில பிள்ளைகளுக்கு இரத்தக் குழாய்கள் வீங்குமாம், இருதயத்தின் குழாயும் வீங்கலாமாம். "இது மூன்றாம் நாள்தானே? ஐந்தாம் நாள் வரை பார்த்து முடிவெடுப்போம். காய்ச்சல் தொடங்கிப் பத்து நாளுக்குள் மருந்து ஏற்றினால் சரி."

நான் மனதுக்குள் நாட்களை எண்ணினேன். அவர் காத்திருக்கப் போகும் செவ்வாய்க்கிழமைதான் உண்மையில் பத்தாம் நாள்.

"என்ன சொல்றார்?"

"பாப்பம் எண்டுறார்."

கொரிடோரில் நடந்தேன். தண்ணீர் குடிக்கப் போய்க் குடிக்காமலே திரும்பினேன். பொலிஸ்காரன் பனிஸ் தின்றுகொண்டிருந்தான். உள்ளே பிள்ளை அழவும் தெம்பில்லாமல் முனகியது. நாசமாய்ப் போன பதிவு! நேரே போய் டொக்டரிடம், "பொலிஸ் பதிவுக்குப் பயந்து பொய் சொல்லிவிட்டேன், இன்று எட்டாம் நாள்" என்றேன்.

அவர் பேனையை மேசையில் எறிந்தார். "பொலிசுக்குச் சொல்லும் கதையை எனக்கு ஏன் சொன்னீர்கள்?" என்று கத்தியபடியே நேர்சைக் கூப்பிட்டார். ஸ்கான் எடுத்தார்கள். ஒரு குழாய் ஏற்கெனவே கொஞ்சம் வீங்கியிருந்தது. உடனே மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். வீக்கம் வற்றுமா என்று கேட்டேன். வற்றலாம், பார்க்க வேண்டும் என்றார்.

"ஏன் மச்சாள் அவர் உங்களை ஏசினவர்?"

சொன்னேன். வெட்கத்தில் செத்துப்போனேன். கனகேஸ்வரி என் பிடியிலிருந்த கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

"இனி டொக்டர்மார் கேட்டா நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். எத்தினை நாளெண்டு நான் விரலைக் காட்டுறன்."