ஒரு லிட்டர் சாட்சி

வளைகுடாவில் சண்டை மூண்டது. மயிலாப்பூரில் பெட்ரோல் விலை ஏறியது. அதுவரை பெட்ரோலைத் தண்ணீராக நினைத்திருந்த வக்கீல் ஜெயராம், தன் அம்பாசடர் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று விசாரிக்கத் தொடங்கினார். வக்கீல் விசாரணை சும்மா முடியுமா? குற்றவாளி ஒருவன் வேண்டுமே. அகப்பட்டவன் டிரைவர் ஆரோக்கியராஜ்.

"அம்பாசடர்னா ஒம்பது குடுக்கணும். நம்ம வண்டி ஆறுதான் குடுக்கறது. மீதி மூணு எங்கேடா போறது?" பெட்ரோல் பங்க்கில் இறங்கி நின்று, கோர்ட்டில் பேசுகிற குரலில் கேட்டார். "டாங்க்லேர்ந்து உறிஞ்சி விக்கறியா? திருட்டுப் பயலே!"

பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த பங்க் பையன் மண்ணாங்கட்டி வாயைப் பிளந்தான். பின்னால் நின்ற ஆட்டோக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பதினோரு வருஷம் அந்த வண்டியை ஓட்டியவனுக்குக் காது அடைத்துப்போயிற்று.

மீதி மூணு எங்கே போகிறது என்று ஆரோக்கியராஜுக்குத் தெரியும். வக்கீலுக்குக் கோர்ட்டுக்குப் போகுமுன் கபாலீசுவரரை வலம் வந்தாக வேண்டும். முன்பெல்லாம் நடந்தார். முட்டி பழுதானதிலிருந்து காரில் சாய்ந்தபடியே நாலு மாட வீதியையும் மூன்று சுற்றுச் சுற்றுகிறார். பூக்கூடைக்கும் மாட்டுக்கும் ரிக்‌ஷாவுக்கும் நடுவே வண்டி இரண்டாம் கியரைத் தாண்டாது. சுற்றி முடித்ததும் பிள்ளையார் கோயில் வாசலில் கண்மூடிப் பத்து நிமிஷம் ஜபம். அப்போது இஞ்சினை அணைக்கக் கூடாது. சுவாமிக்கு முன்னால் வண்டி அணைந்தால் கேஸ் தோற்குமாம்! வண்டியில் கிலோமீட்டர் காட்டும் மீட்டர் செத்து வெகுநாள். ஹைகோர்ட்டுக்குப் போக ஏழு, வர ஏழு என்பதுதான் அவர் கணக்கு. சாமியைச் சுற்றியதை யாராவது தூரம் என்று சொல்வார்களா?

இதை வாய்விட்டுச் சொல்லவும் ஆரோக்கியராஜால் முடியவில்லை. அவன் சாந்தோம்காரன், கழுத்தில் சிலுவை. "உங்க சாமிதான் சார் பெட்ரோலக் குடிக்குது" என்று அவன் சொன்னால் பேச்சு வேறு எங்கோ போய்விடும்.

"வுட்டுட்டு வாய்யா. ஊர்ல வேற காரா இல்ல?" என்றாள் அவன் மனைவி ஜெசிந்தா, மீன் கூடையை இறக்கிக்கொண்டே.

"வுட்டா, திருடன் ஓடிட்டான்னுவாங்க. அவரு வாயாலயே இல்லன்னு சொல்ற வரிக்கும் நான் போமாட்டேன்."

வக்கீலுக்கு வாதம் ஏறாது, சாட்சிதான் ஏறும். எனவே திங்கட்கிழமை காலையில் ஆரோக்கியராஜ், மைலேஜ் பார்க்க மெக்கானிக்குகள் செய்கிற வேலையைச் செய்தான். டாங்க்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றினான். சரியாக ஒரு லிட்டர் பெட்ரோல் பிடித்த பாட்டிலை முன் கண்ணாடி ஓரமாகக் கட்டி, ரப்பர் குழாயால் நேரே கார்புரேட்டருக்கு விட்டான்.

"இது தீர்ற வரிக்கும் ஓட்டறேன் சார். நீங்களே முன்னால குந்திப் பாருங்க."

"பேஷா ஓட்டு. ஆனா தினம் போற மாதிரியே போகணும். வழி கிழி மாத்தப்படாது" என்றார் வக்கீல், மடக்கிவிட்ட நினைப்பில்.

"அதத்தான் சார் நானும் கேக்கறேன்."

முதல் சுற்றில் வக்கீல் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இரண்டாம் சுற்றில் பாட்டிலைப் பார்த்தார். மூன்றாம் சுற்றில் கோபுரம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. பாட்டிலில் பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. பிள்ளையார் வாசலில் வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்க, வக்கீல் ஒரு கண்ணை மூடினார். இன்னொரு கண் மூட மறுத்தது. நிற்கிற வண்டி பெட்ரோல் குடிப்பதை அவர் அன்றுதான் பார்த்தார்.

அப்புறம் கச்சேரி ரோடு வழியாகக் கடற்கரைப் பக்கம் திரும்பி, சாந்தோம் சர்ச் வாசலில் வண்டி இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றுவிட்டது.

"வேணும்னே இங்க நிறுத்தினியா?"

"நான் நிறுத்தல சார். பாட்டில் நிறுத்திச்சு."

ஆரோக்கியராஜ் இறங்கி இன்னொரு லிட்டரை ஊற்றினான். "இப்ப என் இஷ்டத்துக்கு ஓட்டறேன்." சீராக, டாப் கியரில், எதிரே கூட்டம் தெரிந்தால் தூரத்திலேயே காலை எடுத்து, சிகப்பு விழுந்தால் இஞ்சினை அணைத்து ஓட்டினான். ஹைகோர்ட் வாசலில் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே நின்றது. சாந்தோமிலிருந்து ஆறு கிலோமீட்டர் என்று வக்கீல் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார்; லிட்டருக்கு ஒன்பது வந்தது.

"சரி, தப்புதான். மறந்துடு" என்று கவுனை எடுத்தார்.

"இங்க வாணாம் சார். பங்க்குல சொன்னீங்க. பங்க்குலயே சொல்லுங்க."

"என்னடா, எனக்கே நிபந்தனை போடறியா?"

ஆரோக்கியராஜ் சாவியை எடுத்து பானெட் மேல் வைத்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். "முடியாதுன்னா சொல்லிடுங்க சார். சாயங்காலம் நான் பங்க்குக்குப் போய் நானே சொல்லிக்கினு, அப்டியே வூட்டுக்குப் போயிடறேன்."

வக்கீல் விடுவிடுவென்று படியேறிப் போனார். சாயங்காலம் வந்தார். சாவி வைத்த இடத்திலேயே இருந்தது, அவனும்தான். சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, "பங்க்குக்குப் போ" என்றார்.

பங்க்கில் ஜெயராம் கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். மண்ணாங்கட்டியிடம் போய், "அன்னிக்கு நான் ஏதோ சொன்னேன், அது சரியில்லே" என்று முணுமுணுத்தார்.

"சத்தமா சார்" என்றான் ஆரோக்கியராஜ் பின்னாலிருந்து. "அன்னிக்குச் சத்தமாத்தான் சொன்னீங்க."

வக்கீலின் முகம் சிவந்தது. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற கோர்ட் குரலில் சொன்னார்: "இவன் திருடன் இல்லே! பதினோரு வருஷத்துல ஒரு சொட்டு எடுத்தவன் இல்லே! பெட்ரோலைத் தின்னது நான்!"

ஆட்டோக்காரன் ஒருவன் விசிலடித்தான். ஆரோக்கியராஜ் முகத்தைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வண்டி கிளம்பியதும் வக்கீல், "நாளைலேர்ந்து கோபுர வாசல்ல என்னை எறக்கி விட்டுட்டு இஞ்சினை அணைச்சுடு. நான் நடந்துக்கறேன்" என்றார்.

"முட்டி இன்னா ஆவறது சார்?"

"வலிக்கும். என்ன பண்றது?"

மாட வீதி முனையில் ஆரோக்கியராஜ் வண்டியைத் திருப்பினான்.

"மூணு சுத்து வாணாம் சார். ஒண்ணு போதும். என் தோளப் புடிச்சிக்கினு வாங்க."