மடக்குக் கத்தியைத் திறந்து வைத்தவர்கள்

சாயங்காலம் வைட்ஃபீல்டிலிருந்து பெங்களூருக்குள் வரும் பாசஞ்சர் வண்டியில், கடைசிக்கு முந்தின பெட்டியில், ஜன்னலோர இடம் ஒன்று பச்சைமுத்துவுக்கென்றே இருந்தது. பேர் எழுதி ஒட்டவில்லை. வேறு யாராவது உட்கார்ந்தால் கோவிந்தப்பா தொண்டையைக் கனைப்பார். அதிலேயே எழுந்து போய்விடுவார்கள். இத்தனை மரியாதைக்கு அவர் என்ன பெரிய ஆபீசரா என்றால், அதெல்லாம் இல்லை. பம்பு கம்பெனியில் மரப்பெட்டிக்கு ஆணியடிக்கிற பேக்கிங் ஆள். ஆனால் கத்தி அவரிடம் இருந்தது.

ஸ்டேஷன் வாசலில் ஸ்டோர்ஸ் கிளார்க் அல்போன்சா வெள்ளரிக்காய் வாங்குவார். பெயிண்ட் செக்‌ஷன் கோவிந்தப்பா உப்பும் மிளகாய்ப்பொடியும் பொட்டலம் கட்டி வருவார். லேத்தில் வேலை செய்யும் நோயல் பழைய பேப்பரை சீட்டில் விரிப்பான். நாலு பேருக்கும் ஒரே கம்பெனிதான். உள்ளே எதிர்ப்பட்டால் தலையாட்டுவதோடு சரி. வண்டி ஏறினால்தான் ஒட்டும் உறவும். பச்சைமுத்து இடுப்பிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்து மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டுவார். வருஷக்கணக்கில் தேய்ந்து ஆடிப்போன கத்தி அது, அந்தச் சுண்டலுக்கே விரிந்துவிடும். அப்புறம் அவர் வெட்ட, எல்லாரும் தின்ன, ஊர்க்கதை கே.ஆர்.புரம் தாண்டி ஓடும்.

தொண்ணூற்றாறு டிசம்பரில் ஹூடி பக்கம் வண்டி நின்றபோது, ஜன்னல் கம்பிக்கு வெளியே கை நீட்டிக் கத்தியைக் கழுவினார். வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. கத்தி போயே போய்விட்டது. நோயல் இறங்கித் தேடப் போனான். அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அன்றைக்கு நடந்த துக்கத்தைப் பார்த்தவர்கள் யாரோ ஆளே விழுந்துவிட்டதாக நினைத்திருப்பார்கள்.

அடுத்த திங்கட்கிழமை அல்போன்சா ஒரு அட்டைப்பெட்டியைப் பேப்பர் மேல் வைத்தார்.

"சிவாஜிநகர்ல நாங்க மூணு பேரும் போய்ப் பாத்து வாங்கினது. புடிச்சிருக்கா பாருங்கண்ணா."

செம்பழுப்புக் கைப்பிடி, பளபளவென்று புது இரும்பு. பச்சைமுத்து அதைக் கையில் உருட்டி உருட்டிப் பார்த்தார். ஆசையாகத் திறக்கப் போனவருக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. கத்தியின் அலகில் பிறை மாதிரி ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. வலது கையில் கைப்பிடியைப் பிடித்து, இடது கட்டைவிரல் நகத்தை அதில் கொடுத்து இழுக்க வேண்டும். பச்சைமுத்துவின் இடது கட்டைவிரலில் நகம் கிடையாது. பிரஸ் மெஷின் அதை வாங்கிக்கொண்டுதான் அவரைப் பேக்கிங்குக்கு அனுப்பியிருந்தது. வெறும் சதையை வைத்து இழுத்துப் பார்த்தார். கத்தி அசையவில்லை. கை மாற்றிப் பிடித்தால் பள்ளம் அந்தப் பக்கம் போய்விட்டது.

மூன்று முகங்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. இவ்வளவு ஆசையாக வாங்கி வந்தவர்களிடம் 'என்னால் முடியவில்லை' என்று எப்படிச் சொல்வது? சொன்னால் நாளைக்கே நோயல் வாங்கி வெட்ட ஆரம்பித்துவிடுவான். வெட்டாத பச்சைமுத்துவுக்கு அந்த வண்டியில் என்ன வேலை?

"புதுசு இல்லியா... வெள்ளிக்கிழமை சாமி படத்துக்கிட்ட வெச்சி எடுத்தாந்து தொறக்கறேன்," என்று அடித்துவிட்டார்.

"ஔது ரீ, ஒள்ளே தினம், நல்ல நாளு பாத்தே தொறங்க," என்றார் கோவிந்தப்பா பக்தியோடு.

ஜீவனஹள்ளி வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பல்லால் கடித்து இழுத்தார்.

"பல்லு போச்சின்னா அதையும் அந்த அம்மாவே வாங்கிக் குடுப்பாங்களா?" என்றாள் மனைவி சின்னத்தாயி.

செவ்வாய்க்கிழமை கட்டிங் பிளேயரால் இழுத்ததில் அலகில் ஒரு கீறல் விழுந்தது. தன் மேலேயே விழுந்தது போலப் பதறிப்போனார். புதன்கிழமை சமையலறையில் கண்ணில் பட்ட தேங்காய் எண்ணெயைக் கத்தியின் மூட்டில் தாராளமாக ஊற்றி, ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். டிசம்பர் மாதத்துப் பெங்களூரில் தேங்காய் எண்ணெய் என்ன ஆகும் என்று இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவருக்குத் தெரியாதா? தெரியும். தலைக்குத் தடவுகிற பாட்டிலைத் தினம் வெயிலில் வைப்பவரே அவர்தான். கவலை வந்தால் புத்தி எங்கே வேலை செய்கிறது! காலையில் பார்த்தால் எண்ணெய் வெள்ளையாக உறைந்து, கொஞ்ச நஞ்சம் அசைந்த மூட்டையும் இறுக்கிப் பிடித்திருந்தது.

சின்னத்தாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுக் கத்தியை வாங்கிக்கொண்டாள். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தாள். எதிர்வீட்டில் தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு கேட்டு வாங்கி மூட்டில் விட்டாள். சாயங்காலம் முழுக்க டிவி பார்த்தபடி திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவளுடைய நகம்தான் உடைந்தது.

"கொஞ்சம் எளகி இருக்கு. ஆனா ஒனக்கு இது பத்தாது," என்றாள். "நேரா சொல்லிடேன். அவங்க என்னா வேத்து மனுசாளா?"

வெள்ளிக்கிழமை வண்டியில் வெள்ளரிக்காய் வந்தது, பொட்டலம் வந்தது, பேப்பர் விரிந்தது. பச்சைமுத்து கத்தியை எடுத்துக் கட்டைவிரலைக் கொடுத்து இழுத்தார். வழுக்கியது. மறுபடி இழுத்தார், மறுபடி வழுக்கியது. நோயலுக்குத்தான் முதலில் புரிந்தது. சட்டென்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். பச்சைமுத்துவுக்குக் காது சுட்டது.

கத்தியை அப்படியே அல்போன்சா பக்கம் நீட்டினார்.

"கையில குடுக்காதீங்கண்ணா, சண்டை வரும். கீழ வைங்க," என்றார் அல்போன்சா.

பச்சைமுத்து பேப்பர் மேல் வைத்தார். அல்போன்சா எடுத்தார், நகத்தைக் கொடுத்தார், திறந்தார். கைப்பிடி பச்சைமுத்துவின் பக்கம் இருக்கும்படி திருப்பிப் பேப்பர் மேலேயே வைத்தார்.

"எங்க வீட்ல புதுசு எதுன்னாலும் பொம்பள கைதான் மொதல்ல படணும். ம், வெட்டுங்க. நீங்க வெட்டினாத்தான் நாலு பங்கும் சரியா வரும்."

அவ்வளவுதான். யாரும் விரலைப் பற்றிப் பேசவில்லை. பச்சைமுத்து குனிந்து வெட்டினார். அன்றைக்கு மிளகாய்ப்பொடி கண்ணில் பட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டார்.

மறுநாளும் மூடிய கத்தியைப் பேப்பர் மேல் வைத்தார். அல்போன்சா திறந்து வைத்தார். அவர் வராத நாளில் நோயல் திறந்தான். நோயலும் இல்லாதபோது கோவிந்தப்பா, "பாரம்மா தாயே" என்று, வாம்மா வா என்று கன்னடத்தில் கத்தியைக் கெஞ்சித் திறந்தார். வருஷம் ஓடியது. ஒருநாள் காலையில் பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போது கத்தி பச்சைமுத்துவின் வெறும் விரலுக்கே வழுவழுவென்று விரிந்துகொண்டது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்று பறந்துகொண்டு போனார். வண்டியில் பார்த்தால், அல்போன்சா பேப்பரைத் தட்டிச் சரிசெய்துவிட்டு, கத்திக்காகக் காத்துக்கொண்டிருந்தார். பச்சைமுத்து மூடிய கத்தியைக் கீழே வைத்தார். அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

இரண்டாயிரத்து மூன்றில் கம்பெனி எல்லாரையும் விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பியது. அந்தக் கடைசி சாயங்காலம் பேப்பர் மேல் கத்தி கிடந்தது. அல்போன்சா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கி நீங்களே தொறங்கண்ணா. ஊதினாலே தொறக்குது. இத்தன வருசமா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

பச்சைமுத்து ஒரு விரலால் தள்ளினார். கத்தி சத்தமில்லாமல் திறந்தது. கோவிந்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். பெங்களூர் ஈஸ்ட் ஸ்டேஷனில் பச்சைமுத்து இறங்கும்போது அதே கோவிந்தப்பா தோளிலிருந்த டவலால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

அப்புறம் அவரவர் ஒரு பக்கம். கோவிந்தப்பா துமகூரில் மகளோடு. நோயல் துபாய். அல்போன்சா விவேக் நகரிலிருந்து எங்கோ மாறிப்போய்விட்டார். எங்கே என்று யாரிடம் கேட்பது என்றுகூடப் பச்சைமுத்துவுக்குத் தெரியவில்லை. ரயில் சத்தம் மட்டும் ஜீவனஹள்ளி வீட்டுக்குள் நேரம் தவறாமல் வரும்.

ஒரு சாயங்காலம் சின்னத்தாயி சந்தையிலிருந்து பிஞ்சு வெள்ளரிக்காய் வாங்கி வந்தாள். பச்சைமுத்து தரையில் பேப்பரை விரித்துக் கத்தியை எடுத்தார். விரல் பட்டதுமே விரிந்தது. எவ்வளவு லேசு! இதற்குப் பாவி மனுஷர் எவ்வளவு பாடுபட்டார்! இப்போது யார் தயவும் வேண்டியதில்லை. அதை நினைத்ததும் அவருக்கு வெட்டவே பிடிக்கவில்லை. வெளியே மாரிக்குப்பம் வண்டி கூவிக்கொண்டு போனது.

கத்தியை மடக்கினார். பேப்பர் மேல் வைத்து அவள் பக்கம் தள்ளினார்.

"இறுக்கமா இருக்கு, தாயி. கொஞ்சம் தொறந்து வையேன்."

சின்னத்தாயி கத்தியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, எண்ணெய் விட்டு, நகம் உடைத்துக்கொண்டவளுக்குத் தெரியாத இறுக்கமா? எடுத்து, கஷ்டப்படுவது போல் முகத்தைச் சுளித்து, திறந்தாள். கைப்பிடியை அவர் பக்கம் திருப்பிப் பேப்பர் மேல் வைத்தாள்.

"ம், வெட்டு," என்றாள். "நீ வெட்டினாத்தான் சரியா வரும்."