நூற்று எழுபது நாற்காலிகளின் இயக்கவியல்

அழுத்தம் என்பது ஓரலகுப் பரப்பின் மீது செங்குத்தாகச் செயல்படும் விசையாகும். இந்த வரையறையை நான் ஐம்பத்தெட்டாம் வயதில் புத்தகத்திலிருந்து கற்றேன். என் மனைவி சுகிர்தபாயோ சென்ற ஆண்டு சபை அசனத்தன்று மண்டப வாசலில் நசுங்கி, இடது மணிக்கட்டு முறிந்து கற்றாள்.

அசனம் என்பது அறுவடைப் பண்டிகையன்று சபையார் அனைவரும் சேர்ந்திருந்து உண்ணும் விருந்து. உதியன்குளங்கரைக்கு மேற்கே உள்ள எங்கள் சபையில் ஏறக்குறைய ஐந்நூறு பேர்; மண்டபத்தில் நூற்று எழுபது நாற்காலிகள்; வாசல் ஒன்று, அகலம் நான்கடி. மணிக்கட்டு முறிந்த மறுவாரமே கமிட்டி தீர்மானம் எழுதியது: இன்னொரு முறை நெரிசல் ஏற்பட்டால் பந்தி நிறுத்தப்படும், பொட்டலம் வழங்கப்படும்.

"எனக்க கையச் சொல்லியாக்கும் நிறுத்தப் போறாவ," என்றாள் சுகிர்தபாய். "காலம் முழுக்க எல்லாரும் என்னையாக்கும் சொல்லுவாவ. பொட்டலத்த வாங்கி வீட்டுல இருந்து திங்கதுக்கு அசனம் என்னத்துக்கு?"

ஆகவே நெரிசலின்றிப் பந்தி நடத்தும் பொறுப்பை நான் ஏற்றேன். முப்பது ஆண்டுகள் நெய்யாற்றின்கரையில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை நடத்திய பின், பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்களுக்காகக் கேரளத்தில் நடத்தும் பிளஸ் டூ துல்யதா தேர்வில் சமூகவியலை ஒரு பாடமாகக் கொண்டு தேறியவன் நான். இயற்பியலை, தனுவச்சபுரம் கல்லூரியில் படித்த மகள் லிஷாவின் பழைய புத்தகங்களிலிருந்து நானே கற்றேன். ஒரு தனித் துகள் எங்கே செல்லும் என்று கூற இயலாது; பல்லாயிரம் துகள்களின் சராசரிப் போக்கைக் கூற இயலும். மனிதத் திரளுக்கும் இது பொருந்தும் என்பதே நான் கமிட்டியில் எடுத்துரைத்த கோட்பாடு. ஒரு புனலில் சிறுபயற்றைக் கொட்டி, அது வாயில் அடைத்து நிற்பதையும் செய்து காட்டினேன்.

"மாமா, இது பயறு," என்றான் செயலாளர் ஜிஜின். "நம்ம ஆளுவ பயறு இல்ல. பயறு சண்டைக்கு வராது."

சிரித்தார்கள். நான் பொருட்படுத்தவில்லை. என் திட்டம் எளியது. முற்றத்தின் குறுக்கே ஒரு கயிறு. ஒரு பந்திக்குச் சரியாக நூற்று எழுபது பேர் மட்டுமே கயிற்றைக் கடப்பர். நாற்காலியும் ஆளும் சமம். எனவே முந்த வேண்டிய தேவை இல்லை. தேவை இல்லையேல் விசை இல்லை. விசை இல்லையேல் அழுத்தம் இல்லை.

அசனத்தன்று நண்பகல் ஆராதனை முடிந்தது. சபை வழக்கப்படி ஆண்கள் ஒரு வரிசையாகவும் பெண்கள் ஒரு வரிசையாகவும் நின்றனர். ஜிஜின் வரிசைக்கு எண்பத்தைந்து பேராக எண்ணி உள்ளே விட்டான். ஐந்து நிமிடம் அனைத்தும் கோட்பாட்டின்படியே நடந்தது. ஆறாம் நிமிடம் வாசல் அடைத்துக்கொண்டது.

என்னால் நம்ப இயலவில்லை. பக்கக் கதவு வழியாக உள்ளே ஓடினேன். பாதிக்கு மேற்பட்ட நாற்காலிகளில் ஆள் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டுப்புத்தகம் இருந்தது!

என் மைத்துனன் மனைவி புஷ்பபாய் ஒரு நாற்காலியில் தானும் நான்கில் புத்தகங்களுமாக அமர்ந்திருந்தாள்.

"புத்தகத்தை எடு," என்றேன்.

"இங்க ஆளு உண்டு அண்ணே."

"ஆளு எங்க?"

"கயித்துக்கு அங்கோட்டு நிக்கியாவ. உங்களுக்க ஜிஜின் என்னைய உள்ள விட்டுட்டு எனக்க மாப்பிளையையும் பயலுவளையும் நிறுத்திப் போட்டான். நான் மட்டும் இருந்து தின்னுட்டு கையக் கழுவவா?"

"அவிய அடுத்த பந்தி. இது நூத்தி எழுவது பேருக்குக் கணக்கு."

"உங்க கணக்கு உங்களுக்கு. எனக்க கணக்கு அஞ்சு."

கயிற்றைக் கடந்தவர்களுக்கு நாற்காலி இல்லை. நாற்காலி உள்ளவர்கள் கயிற்றைக் கடக்கவில்லை. வாசலில் ஒரு பெண் "அம்மோ" என்று அலறினாள். ஜிஜின் வியர்த்து வந்தான். "மாமா, போதகர் பாத்துட்டு நிக்காரு. பொட்டலம்தான் இனி."

சுவரோரம் அமர்ந்திருந்த சுகிர்தபாய், கோணலாகக் கூடிய மணிக்கட்டை மடியில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். அவளுக்கு அடுத்த நாற்காலியிலும் ஒரு பாட்டுப்புத்தகம்.

"நீயுமா?"

"லிஷாக்க அப்பா, நீரு எண்ணினது ஆளு. வந்து நிக்கது வீடு. வீட்ட ரெண்டாப் பிளந்து விட்டா இடிக்காம பின்ன என்ன செய்வாவ?"

எனக்கு அவள் மீது அல்ல, என் மீதே எரிச்சல் மூண்டது. குடும்பமே சமூகத்தின் அடிப்படை அலகு: சமூகவியல் தேர்வில் இந்த விடைக்கு நான் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இயற்பியலைக் கற்ற வேகத்தில் துகளையே தவறாகத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்!

ஒலிபெருக்கியைப் பிடுங்கினேன். வாசலில் நின்றவர்களை முற்றத்துக்குத் திரும்பச் சொன்னேன், எவரும் அசையவில்லை. சபைப் பட்டியலை விரித்து வீட்டுப்பெயர்களை வாசித்தேன். "முள்ளுவிளை வீடு, எல்லாரும்! ஆணும் பெண்ணும் ஒண்ணா!" நாற்காலியில் இருந்த முள்ளுவிளைப் பெண் எழுந்து கைதட்டிக் கூப்பிட்டாள், அவளுடைய ஆட்கள் வர, மற்றவர்கள் திட்டிக்கொண்டே வழிவிட்டனர். "கிழக்கேவிளை!" என்றேன். "ஓ, வாறோம்!" என்றது கூட்டம். எட்டாவது வீட்டில் வாசல் தெளிந்தது. அதன் பிறகு யாரும் முந்தவில்லை. தம் வீட்டுப்பெயர் வரும்வரை முற்றத்தில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தனர்.

மூன்று பந்தியும் முடியும்வரை வாசித்து என் தொண்டை கட்டிப்போனது. அடுத்த ஆண்டும் பந்தி உண்டு என்று போதகர் அறிவித்தார். ஜிஜின் மட்டும் சந்தேகத்துடன் வந்தான்.

"மாமா, எல்லாப் பந்தியிலும் ஒரு நாற்காலி காலி. எடுக்கப் போனா மாமி கையத் தட்டி விடுதாவ."

சென்று பார்த்தேன். சுவரோரம் சுகிர்தபாய் முதல் பந்தியிலிருந்து எழவே இல்லை. பக்கத்து நாற்காலியில் அந்தப் புத்தகம் அப்படியே இருந்தது.

"மூணு பேரு உண்ண வேண்டிய இடம் இது," என்றேன், வராத குரலில்.

"இரியும். பாயசம் ஆறுது."

கடைசிவரை ஆளின்றி என் விதியை மீறிய நாற்காலி அதுதான். வேறு வழியின்றிப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.