ஹார்லன் மேல் முளைத்த புல்

ஜூன் இரண்டாம் ஞாயிறன்று, மெதடிஸ்ட் தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு மூன்றாம் பெஞ்சுக்கு வந்தபோது, ஹார்லன் புரூஸ்டரின் சட்டைக் காலருக்குள்ளிருந்து புல் முளைத்தது. பாட்டு நிற்கவில்லை. கான்சஸில் அந்த வாரம் நல்ல மழை.

ஹார்லன் அந்த மாவட்டத்தின் ஆதிப்புல் குழுத் தலைவர். வருடா வருடம் பழைய வேரிலிருந்தே தழைக்கும் இந்த மண்ணின் புல் எது, வெளியிலிருந்து வந்தது எது என்று தீர்ப்புச் சொல்லிப் பித்தளைப் பட்டயம் கொடுக்கிற பதவி. முதல் பட்டயத்தைத் தன் மேய்ச்சல் நிலத்துக்கே கொடுத்துக்கொண்டார். அதன் முன்னால் நின்று, தன் குடும்பம் ஆறு தலைமுறையாக இங்கே வேர்விட்டது என்று பதினோரு வருடம் பேசினார். பட்டயமில்லாத நிலத்தை உழுது, கண்காட்சித் திடலுக்கு வண்டி நிறுத்த ஜல்லி கொட்டலாம் என்பது விதி. திடலை ஒட்டியிருந்தது வெர்லா டீட்ரிக்கின் எண்பது ஏக்கர். அவள் மாடுகளுக்கு வேறு மேய்ச்சல் கிடையாது.

முந்தின வியாழன்தான் அவர் படப்புத்தகத்தோடு அங்கே வந்திருந்தார். புத்தகத்தில் எல்லாப் புல்லும் ஆகஸ்ட் மாதக் கதிரோடு நின்றன.

"கதிரே காணோமேம்மா. இது வெறும் களை."

"ஜூன்ல ஏதுங்க கதிர்? இலை தண்ட விட்டுப் பிரியற எடத்துல பாருங்க, குட்டியா முடிக்கொத்து. இது சுவிட்ச் புல்லு. இதோ, அடித்தண்டு தட்டையா இருக்கே, இது சின்ன நீலத்தண்டு."

"முடியப் பாக்க நான் என்ன சலூனா வச்சிருக்கேன்?" என்று சிரித்து, 'களை' என்று எழுதிக்கொண்டு போனார்.

ஞாயிறு முளைத்தது செவ்வாய்க்குள் இடுப்பைத் தொட்டது. ஹார்லனுக்குப் பெருமை பிடிபடவில்லை. புதன்கிழமை, வெர்லாவின் நிலத்துக்குத் தீர்ப்பெழுதக் கூட்டிய கூட்டத்தில் கோட்டைக் கழற்றி நின்று, மண்ணே தன்னை அடையாளம் கண்டுகொண்டதாக முக்கால் மணி நேரம் உரையாற்றி, தன் உடம்புக்கும் ஒரு பட்டயம் கேட்டார். குழுவினர் புத்தகத்தைப் புரட்டினார்கள். அவருக்கும் கதிர் வந்திருக்கவில்லை.

"வெர்லா, நீயே பாத்துச் சொல்லிடேன்" என்று கடைசி வரிசையில் இருந்தவளைக் கூப்பிட்டார் டுவெய்ன் கெஸ்லர். குழுவில் மாடு வளர்க்கிறவர் அவர் ஒருவர்தான்.

அவள் தலைவரின் தோளிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்தாள். "நடுவுல 'டபிள்யூ' மாதிரி கிள்ளிவிட்டாப்ல இருக்கு பாருங்க. புரோம் புல்லு. வெளிநாட்டுலேருந்து கப்பல்ல வந்தது. என் மாடுகூடச் சொல்லும்."

"ஏம்ப்பா ஹார்லன்," என்றார் டுவெய்ன், "உன் நெலம் பூரா இதுதானே?"

அன்று மாலை குழு முழுவதும் வெர்லாவின் நிலத்தில் மண்டியிட்டு முடிக்கொத்தைப் பார்த்தது. ஹார்லனின் பட்டயம் திருகாணிகளோடு அவள் வேலிக்கு வந்தது. ஆகஸ்டில் அவள் நிலத்துப் பெரிய நீலத்தண்டு ஆளுயரம் எழுந்து, வான்கோழிக் கால்போல மூன்று விரல் கதிர் விரித்தது.

வேறு யாரும் கேட்காததால் தலைவர் பதவி ஹார்லனிடமே இருக்கிறது. வருடத்துக்கு இருமுறை அவரை அறுக்கிறார்கள்; வைக்கோல் சுமார்தான். ஜூலை வெயிலில் எல்லா புரோம் புல்லையும்போல அவரும் பழுப்பேறி, செப்டம்பர்வரை கூட்டங்களில் உறங்குகிறார். முன்பும் அப்படித்தான் என்பதால், கூட்டக் குறிப்பில் யாரும் அதை எழுதுவதில்லை.