திட்டு வாங்காத பிள்ளை

அவனுக்கு முப்பது வயதாகப்போகிறது. அம்மாவிடம் ஒரு திட்டுகூட வாங்கியதில்லை. கொடுத்துவைத்தவன் என்று எல்லாரும் சொல்வார்கள். அவனுக்குத்தான் அது உறுத்தும். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு காலையில் அம்மா அப்பாவை வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பினாள். வேலைக்குப் போன இடத்தில் அப்பா பக்கவாதம் வந்து சுருண்டு விழுந்தார், மாலைக்குள் போய்விட்டார். சின்ன வயது, சிகரெட்கூடக் கிடையாது. தன் நாக்குதான் கொன்றது என்று அம்மா முடிவுகட்டிவிட்டாள். அதன்பிறகு அந்த வீட்டில் குரல் உயர்ந்ததே இல்லை.

அவன் பார்த்த வேலையும் சத்தமில்லாததுதான். மீன் காட்சியகத்தின் பெரிய தொட்டிக்குள் மூச்சுக் கருவியோடு இறங்கிக் கண்ணாடியில் பாசி துடைப்பான். நடுவில், வெளியே நிற்கும் குழந்தைகளுக்காகச் செத்தவன்போல மிதந்துவிட்டுச் சட்டென்று கையாட்டுவான். கோமாளி மீன் என்று பட்டப்பெயர்.

அன்றைக்கும் மிதந்தான். பச்சை வெளிச்சம் அசைந்தது. தலைக்கு மேலே ஒரு திருக்கை மீன், அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கையாட்ட நினைத்தான், இடது கை யாருடையதோ போலக் கிடந்தது. வெளியே கைதட்டினார்கள். பயப்படக்கூடத் தோன்றவில்லை, அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று மட்டும் நினைத்தான். கூத்து வழக்கத்தைவிட நீள்கிறதே என்று மேற்பார்வையாளர் குதித்து இழுத்ததால் பிழைத்தான்.

அவனுக்கும் பக்கவாதம்தான். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எதிலும் குற்றமில்லை. டாக்டரம்மா விடாமல் துருவி, ரத்தத்தில் ஹோமோசிஸ்டைன் என்ற பொருள் எக்கச்சக்கமாக இருப்பதைக் கண்டுபிடித்தார். பி12, ஃபோலிக் அமிலம் குறைந்தாலோ, பிறவியிலேயே கோளாறு இருந்தாலோ அது சேர்ந்துவிடுமாம். ரத்தக் குழாயை உள்ளுக்குள்ளேயே கெடுக்குமாம், வழக்கமான சோதனைகளில் அகப்படாதாம். குடும்பத்தில் யாருக்காவது இப்படி ஆனதா என்று கேட்டார். அம்மா அப்பாவைப் பற்றிச் சொன்னாள். திட்டியதையும் சேர்த்தே சொன்னாள்.

"அவருக்கும் இதுவே இருந்திருக்கலாம்மா. அப்ப யாரும் பாக்கல, அதனால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா திட்டினதுக்கெல்லாம் ஆள் சாகறதுன்னா, இந்த ஆஸ்பத்திரியில இடமே பத்தாது."

அம்மா சிரிக்கவில்லை. வீடு வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கை ஓரளவு தேறியதும், மேலிருந்தே மீனுக்குத் தீனி போடும் வேலை கொடுத்தார்கள். முதல் நாள், சட்டைப் பொத்தானோடு மல்லாடிவிட்டு அவன் வாசலைத் தாண்டினான்.

"டேய் எருமை, மாத்திரைய யாருடா போடுவா, உங்கப்பனா?"

சொன்னவளே திகைத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் திரும்பி வந்தான். மாத்திரையை விழுங்கினான். போகாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

"இன்னும் கொஞ்சம் திட்டும்மா," என்றான்.